பூவரசுக்கு நாங்கள் கொடுத்த அன்பளிப்பு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் நான் சுற்றுச்சூழல் அலுவலர். பதவியின் பெயரைக் கேட்டு யாரும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். புகைபோக்கியின் மீது எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. என் ஆட்சி எல்லாம் மதில் சுவரை ஒட்டி நிற்கும் மரங்களோடு சரி. ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் முந்தின நாளே தண்ணீர் பீய்ச்சி அந்த மரங்களைக் கழுவ வைப்பேன். கழுவிய பிறகுதான் அவை பச்சை என்று தெரியும். அடிமரத்துக்குச் சுண்ணாம்பும் காவியும் பூசச் சொல்வேன். வேதியியலில் முதுகலை படித்துவிட்டு மரத்துக்கு வெள்ளையடிக்கிற வேலை பார்க்கிறாள் என்று என் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அதில் பிழை ஒன்றும் இல்லாததால் நானும் சும்மா இருந்துவிட்டேன்.

வருடத்துக்கு ஒருநாள் எனக்குக் கொஞ்சம் மவுசு வரும். அது சுற்றுச்சூழல் தினம். அன்றைக்கு மட்டும் எங்கள் மேலாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்து நாற்காலியில் உட்காரச் சொல்வார். அந்த வருடம் அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது.

"எப்பப் பாத்தாலும் கேட்டுக்கு உள்ளயே செடி நடுறோம் மேடம். போட்டோல பின்னாடி ஃபர்னஸ் தெரியுது. இந்த வருஷம் தண்ணி தெரியணும், படகு தெரியணும்."

தண்ணீரும் படகும் தெரிய வேண்டுமானால் பழவேற்காடு ஏரிக்குத்தான் போக வேண்டும். ஏரிக்குள் சின்னச் சின்னத் தீவுகள் உண்டு. சுண்ணாம்புக்குளம் பக்கமாகப் போய்ப் படகு பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் ஒன்றுக்குப் போய்ச் சேரலாம். நாற்பது ஐம்பது வீடுகள், ஒரு கோயில், ஒரு மாதா குருசடி, எல்லாருக்கும் நண்டும் இறாலும்தான் பிழைப்பு. அந்த ஊரை மேலாளர் வரைபடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அங்கே மரமே இல்லாமல் மக்கள் தவிப்பார்கள் என்று அவராகவே முடிவும் செய்துகொண்டார்.

செடி வாங்குகிற பொறுப்பு எனக்கு. நெடுஞ்சாலை ஓரத்து நாற்றங்கால் ஒன்றில் செம்பருத்தியும் பப்பாளியும் சல்லிசாகக் கிடைத்தன. உப்புக் காற்றடிக்கும் தீவில் இவை நிற்குமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் நான்தான். வேனில் ஏற்றும்போது சில செடிகளில் இலைக்கு அடியில் வெள்ளையாக ஏதோ அப்பியிருப்பதைப் பார்த்தேன். எங்கள் பேட்டையில் இலையில் எது ஒட்டியிருந்தாலும் அது தூசி. பத்து வருடப் பழக்கம். விரலால் ஒன்றைத் தட்டிவிட்டு, "ஏத்துங்கப்பா" என்றேன்.

படகு தீவை நெருங்கியபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு மரம். கரையிலேயே, தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பெரிய பூவரசு. இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. அதன் அடியில்தான் நண்டு எடை போடுகிறார்கள், வலை பிரித்துக் காயவைக்கிறார்கள், ஏலம் கூறுகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். உப்புத் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு எத்தனையோ புயல் பார்த்த மரம். அந்த நிழலில் நின்றுகொண்டுதான் எங்கள் மேலாளர் அந்த மக்களுக்கு மரத்தின் அருமையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். வெயிலாக இருந்ததால் இன்னும் நன்றாக உள்ளே தள்ளி நின்று பேசினார். எங்கள் பேனரைக் கட்ட இடம் வேண்டும் என்று பூவரசின் கிளை ஒன்றை வெட்டியும் விட்டார்கள்.

கூட்டத்தில் ஒரு அக்கா மட்டும் உட்காரவே இல்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். மரத்துக்கு மிக அருகில் இருந்த வீடு அவருடையது. நண்டு தரம் பிரிக்கிற வேலை அவர் கையில்தான். கூடை கூடையாக வரும் நண்டை ஒரு பார்வை பார்த்து, உயிருள்ளது ஒரு பக்கம், கால் போனது ஒரு பக்கம் என்று வீசிக்கொண்டே பேச்சையும் கேட்டார். முடிந்ததும் என்னிடம் வந்து கேட்டார்.

"மேடம், அந்தக் கெளய ஏன் வெட்னாங்க?"

"பேனர் கட்டக்கா."

"பேனர்ல இன்னா எழுதிக்கீது?"

நான் படித்துக் காட்டவில்லை. 'மரம் காப்போம்' என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கு இரண்டு செடி கொடுத்தோம். ஒவ்வொரு செடியிலும் என் கைபேசி எண் எழுதிய அட்டை ஒன்று தொங்கியது. பராமரிப்புக்கு அழைக்கவும் என்று போட்டிருந்தோம். யாரும் அழைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அப்படிப் போடுவது.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த அக்கா அழைத்தார்.

"நீ குட்த்த செடில பாதி பட்டுப் பூட்ச்சி மேடம். அது போவட்டும், அத்த வுடு. எங்க மரம் வெளுத்துக்கினே வருது. வந்து பாரு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். வேலைநாளில் போனால் மேலாளரும் கூட வருவார் என்ற பயம்தான் காரணம். படகிலிருந்து பார்க்கும்போதே மரம் வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கிளைகளில் யாரோ அரிசி மாவைக் குழைத்துத் தடவிவைத்த மாதிரி. ஒவ்வொரு இலையின் அடியிலும் நரம்பை ஒட்டி வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. குச்சியால் கிளறினால் உள்ளே மஞ்சளாகப் பூச்சி நெளிந்தது. கொழுந்தெல்லாம் சுருண்டு கிடந்தது. அடிமரத்தில் எறும்புகள் இரண்டு வரிசையாக, எங்கள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக் கூட்டம் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மேலேயிருந்து பிசுபிசுவென்று ஏதோ சொட்டியது. தரையும், வலையும், எடைத் தராசும் பசையாக இருந்தன. அந்தப் பசையில் கரி போலப் பூஞ்சணம் படிந்திருந்தது. மரத்தடியில் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் தார்ப்பாய் கட்டி அதற்கடியில் வெந்துகொண்டிருந்தார்கள்.

"ஒக்காந்தா துணி ஒட்டிக்குது," என்றார் அக்கா. "வலையில பிசினு. மீனு மேல பிசினு. ஒரே பேஜாரு. இது இன்னா சீக்கு மேடம்?"

எனக்குத் தெரியவில்லை. சுற்றுச்சூழல் அலுவலருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததை என்னால் மறுக்கவும் முடியவில்லை. படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் மேலாளரிடம் படங்களைக் காட்டினேன். வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பர் மேடம்! இத நாம தத்தெடுக்கலாம். செடி நடுறது எல்லா கம்பெனியும் பண்றான். நோய் வந்த மரத்தக் காப்பாத்துறது யாரு பண்றா?"

நான்கே நாளில் ஒரு ஒப்பந்தக்காரரும், விசைத்தெளிப்பானும், நீல நிறக் கேன்களும் படகேறின. எங்கள் தொழிற்சாலையில் ஒரு கதவுத் தாழ்ப்பாள் மாற்றக் கேட்டால் மூன்று மாதம் ஆகும். என்ன பூச்சி என்று பார்த்துவிட்டு அடிக்கலாமே என்று ஒரு முறை சொன்னேன். "பூச்சின்னா பூச்சிதானே மேடம்" என்று மேலாளர் முடித்துவைத்தார். ஒரு முறைக்கு மேல் நானும் சொல்லவில்லை.

மருந்து அடித்தார்கள். மரம் முழுக்க வெள்ளைப் புகையாக மூடியது. முகக்கவசம் போட்டுக்கொண்டு எங்கள் மேலாளர் குழாயைப் பிடித்தபடி நிற்கும் படம் தலைமை அலுவலகத்துப் பத்திரிகையின் அட்டைக்கே போனது. மூன்றாவது நாள் பஞ்செல்லாம் காய்ந்து உதிர்ந்தது என்று கேள்விப்பட்டு நான்கூட மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி அக்காவின் அழைப்பு வரும்வரை இருந்தது.

அவர் உயிர் நண்டுகளைக் கரையோரத் தண்ணீரில் ஒரு கூண்டுக்குள் விட்டுவைப்பார். வியாபாரி வரும்வரை அவை அங்கேயே கிடக்கும். மரத்திலிருந்து வழிந்த மருந்து அந்த மூலையில்தான் இறங்கியிருக்கிறது. மறுநாள் காலையில் கூண்டைத் தூக்கினால் ஒரு நண்டுகூடக் காலை ஆட்டவில்லை. ஏதோ நோய் என்று நினைத்து அவர் இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"பூச்சிக்குச் சீக்கு வர்றதுக்கு மின்னாடி நண்டுக்கு வந்துட்ச்சி," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று வாரத்தில் மரத்தில் வெள்ளை திரும்பி வந்தது. போன தடவை போகாத கிளைகளுக்கும் போனது.

அதற்குப் பிறகுதான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். தீவுக்குப் போய் ஒரு கொழுந்தைப் பறித்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக மூடி, ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, திருவள்ளூர் பக்கம் இருக்கும் ஒரு பண்ணை ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனேன். அங்கே பூச்சியியல் பிரிவில் ஒரு அம்மா இருந்தார். என்னைவிடச் சின்னவராக இருக்கலாம், ஆனால் அந்த இடத்தில் அம்மா என்றுதான் கூப்பிடத் தோன்றியது. டப்பாவை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்துக் குனிந்தார். நிமிராமலே பேசினார்.

"பப்பாளி மாவுப்பூச்சி. நம்ம ஊர்ப் பூச்சி இல்ல, அமெரிக்கா பக்கத்துலேர்ந்து கப்பலேறி வந்தது. பப்பாளி, செம்பருத்தி, மல்பெரி, பூவரசு எல்லாத்துலயும் ஏறும். எந்த ஊரு மரம்?"

சொன்னேன்.

"தீவா? அங்க எப்படிப் போச்சு? சுத்தி உப்புத் தண்ணியாச்சே. வெளியிலேர்ந்து ஏதாவது பப்பாளியோ செம்பருத்தியோ கொண்டுபோனாங்களா?"

வேனில் ஏற்றும்போது விரலால் தட்டிவிட்ட அந்தத் தூசி நினைவுக்கு வந்தது.

"நான்தாங்க," என்றேன். "நான்தான் கொண்டுபோனேன்."

அவர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "என்ன மருந்து அடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். அதையும் சொன்னேன். அதற்குத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். மாவுப்பூச்சி மேல் மெழுகுப் பஞ்சு இருப்பதால் மருந்து அதன் உடம்பில் சரியாகப் படாது. ஆனால் அதைத் தின்கிற, அதற்குள் முட்டையிடுகிற பூச்சிகள் எல்லாம் மருந்தில் முதலில் சாகும். எதிரி செத்துப்போனால் மாவுப்பூச்சிக்குக் கல்யாணம்தான். இதற்கென்றே ஒரு குளவி இருக்கிறது, கொசுவைவிடச் சின்னது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை போட்டுவிடும். குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து ஓட்டையிட்டு வெளியே வரும். அந்தக் குளவியை அவர் முளைவிட்ட உருளைக்கிழங்கின் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன் மேல் வளர்த்துக்கொண்டிருந்தார். இருட்டு அலமாரியில் வரிசையாக உருளைக்கிழங்குகள், வெள்ளை தாடி வைத்தது போல. நாட்டில் இப்படி ஒரு அலமாரி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் உருளைக்கிழங்கு போண்டாவாக மட்டும்தான் வரும்.

"ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள ரெண்டு வேலை பண்ணுங்க. தீவுல மிச்சம் இருக்கிற பப்பாளி, செம்பருத்தி எல்லாத்தையும் பிடுங்கி எரிங்க. எறும்பு மரத்துல ஏறாம பண்ணுங்க. எறும்புதான் அந்தப் பிசினுக்காகக் குளவியைக் கிட்ட விடாது. மருந்து மட்டும் ஒரு சொட்டுகூட அடிக்கக் கூடாது."

தீவுக்குப் போய் அக்காவிடம் சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் நேரில்தான் போனேன். அவர் நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்திக்கொண்டு, செடி, வெள்ளை, தூசி என்று நினைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கை நிற்கவில்லை அவருக்கு. ஒரு நண்டின் கொடுக்கைக் கட்டி முடித்தார். அடுத்ததை எடுத்தார்.

"தெரிஞ்சா கொண்ணாந்த?"

"இல்லக்கா."

"தெரிஞ்சிக்க வேண்டியவ நீதானே?"

"ஆமாக்கா."

"சரி," என்று எழுந்தார். "அழுவறதுன்னா திரும்பப் படகுல போவசொல்ல அழு. இப்ப இன்னா பண்ணணும், அத்தச் சொல்லு."

அன்றைக்கு வீடு வீடாகப் போனோம். என் வாழ்க்கையில் செடி நட்டதற்காக எவ்வளவோ கைதட்டல் வாங்கியிருக்கிறேன். பிடுங்கப் போனபோதுதான் மக்களுக்குச் செடி மேல் எவ்வளவு பாசம் என்று தெரிந்தது. தப்பிப் பிழைத்த செம்பருத்தியெல்லாம் அப்போதுதான் பூக்க ஆரம்பித்திருந்தது. ஒரு வீட்டில் மாதாவுக்கு வைக்கிறோம் என்றார்கள், அடுத்த வீட்டில் அம்மனுக்கு வைக்கிறோம் என்றார்கள். ஒரு தாத்தாவின் பப்பாளியில் மூன்று காய் தொங்கியது. அவர் மரத்தின் முன்னால் கையை விரித்து நின்றுவிட்டார்.

"நீங்கதானே குட்த்தீங்க? குட்த்துட்டு இப்ப வந்து புடுங்குறீங்களா? இன்னா கம்பெனி இது?"

"நைனா," என்று அக்கா அவர் தோளைத் தொட்டார். "உன் மரம் மூணு காய் குடுக்கும். அந்த மரம் இல்லன்னா நாளைக்கி வலையத் தூக்கிக்கினு வந்து உன் ஊட்டுக்குள்ளதான் ஒக்காருவோம். நாங்க அத்தினி பேரும். பரவால்லியா?"

தாத்தா கொஞ்ச நேரம் மரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். காயை மட்டும் பறித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வெட்டுவதைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டார். அந்த முதுகு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. எங்கள் வருடாந்தர அறிக்கையில் 'பயனாளிகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இவரையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தேன்.

எறும்புக்கு அக்காவே வழி கண்டுபிடித்தார். பழைய வேட்டியைக் கிழித்து அடிமரத்தைச் சுற்றிக் கட்டி, அந்தத் துணியின் மேல் படகு எஞ்சினுக்குப் போடும் கிரீஸை வழித்துப் பூசினார். எறும்பு அங்கே வந்து நின்று மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. தாழ்ந்து தரையைத் தொட்ட சிறு கிளைகளை வெட்டிவிட்டோம், இல்லாவிட்டால் அந்த வழியாக ஏறும்.

ஒரு மாதத்தில் குளவி தயார் என்று பூச்சியியல் அம்மா சொன்னார். இதை ரகசியமாகச் செய்திருக்கலாம். ஆனால் விடுப்பும் படகும் வண்டியும் கேட்டதில் விஷயம் மேலாளர் காதுக்குப் போய்விட்டது.

"குளவியா? கொட்டுமா?"

"கொட்டாது சார். கண்ணுக்கே சரியாத் தெரியாது."

"தெரியாதா?" அவர் முகம் விழுந்தது. "அப்ப போட்டோல என்ன வரும்? கொஞ்சம் பெரிய சைஸ்ல கிடைக்காதா?"

கிடைக்காது என்றேன். இருந்தாலும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்தார். பூச்சியியல் அம்மா ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே தேன் தடவிய காகிதத் துண்டு, அதன் மேல் மிளகுத்தூள் தூவியது போலக் குளவிகள். குப்பியைத் திறந்து கிளைக்கு அருகில் பிடிக்கச் சொன்னதும் பெரியவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மேலாளர்தான் தைரியமாக வாங்கிப் பிடித்தார். புகைப்படக்காரர், "சார், இங்க பாத்து விடுங்க, இன்னொரு வாட்டி விடுங்க" என்றார். இன்னொரு வாட்டி விட உள்ளே ஒன்றும் இல்லை. காலிக் குப்பியை வைத்துக்கொண்டு நான்கு பேர் ஆகாயத்தைப் பார்த்துப் பிரமித்து நிற்கும் அந்தப் படம் எங்கள் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. விஷயம் தெரியாதவர்கள் ஏதோ விமான நிகழ்ச்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

"அவ்ளோதானா?" என்று பெரியவர் கேட்டார்.

"அவ்ளோதான் சார். இனிமே ரெண்டு மூணு மாசம் காத்திருக்கணும்," என்றார் பூச்சியியல் அம்மா.

காத்திருப்பது எங்கள் நிர்வாகத்துக்கு ஒத்துவராத வேலை. மூன்று வாரம் கழித்து, ஏதோ ஒரு விருதுக்குழு எங்கள் சமூகப் பணிகளைப் பார்க்க வரப்போவதாகச் செய்தி வந்தது. மேலாளர் மரத்தின் அன்றைய படத்தைக் கேட்டார். அனுப்பினேன். இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. அவர் பதில் எதுவும் எழுதவில்லை. அதை நான் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். பத்து வருட அனுபவம் இருந்தும்.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். புதுவாயல் கூட்டுச்சாலையில் நாஷ்டா வாங்கக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா அழைத்தார்.

"உங்க ஆளுங்க படகுல வந்துகினு கீறாங்க. நீலக் கேனு தெரிது. நீ அனுப்பினியா?"

"இல்லக்கா! விடாதீங்க! ஒரு சொட்டு அடிச்சாலும் குளவி எல்லாம் செத்துடும்!"

"சர்தான், வையி," என்று வைத்துவிட்டார்.

மேலாளரை அழைத்தேன், எடுக்கவில்லை. ஐந்து முறை அழைத்தேன். கட்டிய இட்லியை அப்படியே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ, இன்னொரு ஆட்டோ, அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மீன்பிடிப் படகு என்று தீவுக்குப் போய்ச் சேர மணி பதினொன்று ஆகிவிட்டது. வழியெல்லாம் மரத்தைச் சுற்றி அந்த வெள்ளைப் புகை எழுவதாகவே கண்ணுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. இந்த முறை அது நடந்திருந்தால் அந்த அக்காவின் முகத்தை என்னால் பார்த்திருக்க முடியாது.

புகை ஒன்றும் இல்லை. கரைக்கு முன்னால் ஏழெட்டுப் படகுகளைக் குறுக்காக ஒன்றோடொன்று கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பெண்கள் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவசரமே இல்லாமல். அதற்கு இந்தப் பக்கம், ஏரி நடுவில், கொளுத்தும் வெயிலில், எங்கள் ஒப்பந்தக்காரர் தன் விசைத்தெளிப்பானைக் கட்டிப்பிடித்தபடி படகில் உட்கார்ந்திருந்தார்.

"மூணு மணி நேரமா வழி வுட மாட்டேங்குறாங்க மேடம்," என்றார் பாவமாக. "தண்ணி கேட்டேன். அத்த மட்டும் குடுத்தாங்க."

அக்கா ஒரு படகின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். "உன் ஆளுங்கிட்ட சொல்லு. நாங்க ஒண்ணும் சண்ட போடல. வலை காய வெக்கிறோம். எங்க எடம், எங்க படகு. அவர் மருந்து அடிக்கணும்னா ஏரியில அடிச்சிக்கட்டும், நாங்க போட்டோ எடுத்துப் பெரிய எடத்துக்கு அனுப்புறோம்."

ஒப்பந்தக்காரர் சொன்னார்: "சும்மா திரும்பிப் போனா என்னத்தான் கேப்பாங்க மேடம். வேலை வேணாம்னு எழுதிக் குடுங்க, போயிடுறேன்."

அவரிடம் இருந்த வேலை உத்தரவின் பின்பக்கத்தில், என் பொறுப்பில் இந்த வேலை நிறுத்தப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படகு ஆடியதில் கையெழுத்து கோணலாக வந்தது. சுற்றுச்சூழலுக்காகச் சுற்றுச்சூழல் அலுவலர் போட்ட முதல் கையெழுத்து அதுதான் என்று நினைக்கிறேன். அதுவரை போட்டதெல்லாம் சுண்ணாம்பு மூட்டைக்கு.

திங்கட்கிழமை எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. விளக்கம் எழுதினேன், இரண்டு பக்கம். பூச்சி எப்படித் தீவுக்குப் போனது என்பதையும், நாற்றங்கால் செடியை நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதையும் முதல் பத்தியிலேயே எழுதினேன். மேலாளர் அதைப் படித்துவிட்டு, விளக்கத்தையே திருப்பிக் கொடுத்தார்.

"முதல் பாராவ எடுத்துடுங்க மேடம். மத்தது ஓகே. உங்க மேல நடவடிக்கை எதுவும் வேணாம்."

"எடுக்க மாட்டேன் சார்."

"அப்ப இந்த லெட்டரே வரலன்னு வெச்சிக்குவோம்," என்றார். என்னை மன்னிப்பதைவிட விளக்கம் கேட்டு எனக்குக் கடிதமே அனுப்பவில்லை என்று ஆக்குவது அவருக்குச் சுலபமாக இருந்தது. விருதுக்குழுவை அவர் தீவுக்கு அழைத்துப்போகவே இல்லை. கோப்பில் மூன்றாவது நாள் எடுத்த படம் இருந்தது, மருந்து அடித்துப் பஞ்செல்லாம் உதிர்ந்த படம். அதற்கே விருது கிடைத்துவிட்டது. 'தீவின் அரிய ஆலமரத்தைக் காத்ததற்காக' என்று சான்றிதழில் அச்சிட்டிருந்தார்கள். பூவரசு என்று திருத்தச் சொன்னேன். அச்சடித்தாகிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். அடுத்த முறை ஒரு ஆலமரத்துக்குப் பூவரசு என்று போட்டுக் கணக்கை நேர் செய்வார்களாயிருக்கும்.

மரம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. குளவி விட்டு இரண்டரை மாதம் கழித்துப் பூச்சியியல் அம்மாவோடு போனேன். அவர் ஒரு இலையைப் பறித்துக் காட்டினார். மாவுப்பூச்சிகள் உப்பிப் பழுப்பாகி, ஒவ்வொன்றின் முதுகிலும் ஊசி குத்தியது போல ஓட்டை. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கூடு. கிளை நுனிகளில் செம்பச்சையாகத் துளிர் வந்திருந்தது. "புடிச்சிக்கிச்சு," என்றார், தன் வீட்டுக் குழந்தை நடந்ததைச் சொல்வது போல.

ஏரியைப் பார்த்த பெரிய கிளை மட்டும் பிழைக்கவில்லை. மருந்து அதிகம் விழுந்தது அந்தப் பக்கம்தான். அதை அறுத்து இறக்கினார்கள். பூவரசு தண்ணீரில் உளுக்காது என்பதால் யாரும் விறகாக்கவில்லை, இரண்டு படகுகளுக்கு உள்ளே விலா எலும்பு போலத் தாங்கும் வங்குக்கட்டை செதுக்கிக்கொண்டார்கள். அந்த இடத்தில் இப்போது வானம் தெரிகிறது. மதியத்தில் அந்த வழியாக வெயில் நேராகத் தராசு மேல் விழும், அதனால் தராசை நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் கடைசியாகப் போயிருந்தேன். மரத்தடியில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். நரம்போரத்தில் இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளி. அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கீதா அது?"

"இருக்கும்க்கா. கொஞ்சம் இருந்துகிட்டேதான் இருக்குமாம். அது சுத்தமாப் போயிட்டா குளவிக்குச் சாப்பாடு இல்லாமப் போயிடுமாம். அந்த அம்மா சொன்னாங்க."

அவர் பக்கத்து இலையையும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப ரெண்டும் இனிமே எங்க ஊருதான்னு சொல்லு," என்றார். "நல்லா வந்து சேந்தீங்கம்மா."

என்னையும் சேர்த்துத்தான் சொன்னாரா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. காற்று திரும்பிவிட்டது, சீக்கிரம் கிளம்பு, நனைஞ்சிடுவே என்று அவரே விரட்டினார். படகு பாதி தூரம் வருவதற்குள் அலை தெறித்து முழுக்க நனைந்துவிட்டேன்.